ஓடி வருகிறவளுக்கு மூன்று நிமிடம்

டிரைவர் இப்போதெல்லாம் மாலை ஐந்தே முக்காலுக்கு வீட்டுக்கு வந்துவிடுகிறார். சட்டை கசங்காமல் வருகிறார். செருப்பைக் கழற்றிச் சுவரோரமாக வைத்து, முகம் கழுவி, கூடத்து நாற்காலியில் உட்கார்ந்துகொள்கிறார். இதற்காகத்தான் அவர் மனைவி இருபத்திரண்டு வருடம் ஏங்கிக் கிடந்தாள். ஏங்கியது கைக்கு வந்தபிறகு அதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் முழித்துக்கொண்டிருக்கிறாள்.

அவளுக்குத் தெருவில் பெயர் டிரைவரம்மா. வேலை பார்க்கும் இடத்திலும் அதேதான். அவள் சைக்கிள்கூட ஓட்டியதில்லை என்பது வேறு விஷயம். ஆறு மாதமாக டிரைவரே வண்டி ஓட்டுவதில்லை. ஆனால் பெயர் மட்டும் அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கிறது. யாராவது கூப்பிட்டால் முன்பெல்லாம் சட்டென்று திரும்புவாள். இப்போது ஒரு நொடி தயங்கித்தான் திரும்புகிறாள்.

நடந்தது இதுதான். போன மழைக்காலத்தில் ஒருநாள், பாலத்து ஏற்றத்தில் பஸ் நின்றபோது டிரைவரின் இடது கால் கிளட்சை விட்டு எழும்பவில்லை. முழங்கால் பூட்டிக்கொண்டது. உள்ளே ஐம்பது பேர், பின்னால் வரிசையாக வண்டிகள், ஒரே ஹார்ன் சத்தம். கண்டக்டர் முன்னால் ஓடிவந்து, குனிந்து, இரண்டு கையாலும் காலைத் தூக்கி எடுத்துக் கீழே வைத்தார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பஸ்ஸில் பாதிப் பேருக்கு என்ன நடந்தது என்றே தெரியாது. ஆனால் டிரைவரம்மா விடவில்லை. மறுநாளே டிப்போவுக்குப் போய் மேனேஜர் அறை வாசலில் நின்றாள். காலையில் நின்றவள் மத்தியானம்வரை நகரவில்லை. பார்த்துப் பார்த்து அலுத்துப்போன மேனேஜர், வாசல்பக்கத்துக் கண்ணாடி அறையில் டிரைவருக்கு ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தார். எந்த பஸ் எத்தனை மணிக்கு வெளியே போகிறது, எத்தனை மணிக்கு உள்ளே வருகிறது என்று எழுதுகிற வேலை. அதோடு, எந்த பஸ் எங்கே எத்தனை மணிக்கு இருக்க வேண்டும் என்று நேர அட்டவணை போடுகிற வேலையும் உண்டு. நிழல், மின்விசிறி, பத்து மணிக்கு ஒரு டீ, மூன்று மணிக்கு ஒரு டீ. அந்த நாற்காலிக்கு டிப்போவில் எத்தனையோ பேர் கண் வைத்திருந்தார்கள்.

முதல் வாரம் அவள் நிம்மதியாகத் தூங்கினாள். இரண்டாவது வாரமும் தூங்கினாள். மூன்றாவது வாரம்தான் வீட்டில் ஏதோ ஒரு சத்தம் குறைவது தெரிந்தது. என்ன சத்தம் என்று யோசித்துப் பார்த்தாள். டிரைவர் பேசுவதில்லை.

முன்பு அவர் வீட்டுக்கு வரும்போது எந்த நேரமாக இருந்தாலும், சட்டையில் டீசல் வாடையும் வாயில் ஒரு கதையும் இருக்கும். கை கழுவும்போதே ஆரம்பித்துவிடுவார். "இன்னிக்கு நம்ம கணக்கு வாத்தியார் என்ன சொன்னாரு தெரியுமா?" என்பார். கணக்கு வாத்தியார் ஓய்வு பெற்று எட்டு வருடமாகிறது. போகிற வேலை ஒன்றும் கிடையாது. தினமும் பத்தரை மணி பஸ்ஸில் ஏறி, முன்சீட்டில் உட்கார்ந்து, கடைசி நிறுத்தம்வரை போய், அதே பஸ்ஸில் திரும்பி வருவார். டிரைவர் திருப்பும் ஒவ்வொரு திருப்பத்துக்கும் மதிப்பெண் போடுவார். அப்புறம் ஓட்டக்காரி. பெரிய ஆஸ்பத்திரியில் வார்டு கழுவுகிறவள். இரண்டு மணிக்கு ஷிப்ட் முடிந்து, கையெழுத்துப் போட்டுவிட்டு, கேட்டிலிருந்து ஒரு செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடிவருவாள். ஏறியதும் டிரைவரைத்தான் திட்டுவாள். "உன்ன யாரு நிக்கச் சொன்னா? நான் அடுத்த வண்டில வரமாட்டனா?" என்பாள். அவரும் "அடுத்த வண்டி டிரைவர் உன்கிட்ட திட்டு வாங்க வேணாமேன்னுதான்" என்பார்.

டிரைவரம்மா இவர்கள் யாரையும் பார்த்ததில்லை. ஆனால் அவர்களுக்குக் காய்ச்சல் வந்தாலும் கல்யாணம் நடந்தாலும் அவளுக்குத் தெரியும். ஓட்டக்காரியின் மகனுக்கு வேலை கிடைத்த அன்று இவள் வீட்டில் சர்க்கரை கூடப் போட்டு டீ கலந்தாள்.

இன்னொன்றும் போய்விட்டது. பஸ்ஸில் கண்டக்டர் கயிற்றை இழுத்து ஒரு மணி அடித்தால் நிற்க வேண்டும், இரண்டு மணி அடித்தால் கிளம்ப வேண்டும். இந்தப் பழக்கம் டிரைவரோடு வீட்டுக்கும் வந்துவிட்டது. அவள் சோறு போடும்போது விரலால் தட்டின் விளிம்பில் ஒரு தட்டு தட்டினால் போதும் என்று அர்த்தம். இரண்டு தட்டினால் இன்னும் போடலாம். "இது என்ன வீடா, பஸ்ஸா?" என்று ஆரம்பத்தில் சண்டை பிடித்தவள், கடைசியில் தானே சாப்பாட்டு நேரத்தில் மூடியின்மேல் கரண்டியால் இரண்டு தட்டு தட்டி ஆளைக் கூப்பிடப் பழகிவிட்டாள். இப்போது டிரைவர் தட்டுவதில்லை. "போதும்மா" என்கிறார், விருந்துக்கு வந்தவர் மாதிரி.

"அப்பா ஆபீசர் ஆயிட்டாரும்மா. ஆபீசருங்க அப்படித்தான் பேசுவாங்க" என்று சொல்லி மகள் சிரித்தாள். கல்லூரியில் படிக்கிறவள், வாய் நீளம். டிரைவரும் சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு அவர் சிரிக்காமலே இருந்திருக்கலாம் என்று டிரைவரம்மாவுக்குத் தோன்றியது.

"இன்னிக்கு ஆபீஸ்ல என்னங்க நடந்துச்சு?" என்று ஒருநாள் அவளாகவே கேட்டாள்.

அவர் உண்மையாகவே யோசித்தார். "முப்பத்தெட்டு பஸ் போச்சு. முப்பத்தெட்டும் வந்துடுச்சு" என்றார்.

*

அந்தக் கடிதம் வந்தது பதினைந்து நாளைக்கு முன்பு. டிப்போவிலிருந்து டிரைவர் பெயருக்குத் தபாலில் வந்தது. அவர் வேலைக்குப் போயிருந்தார். அவளே கையெழுத்துப் போட்டு வாங்கினாள். கண்ணாடி அறைக்குப் போய் ஆறு மாதம் முடிகிறது. முழங்காலைப் பரிசோதித்த மருத்துவர், குறைந்த தூர வழியில் வண்டி ஓட்டலாம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். அலுவலக வேலையில் தொடர விருப்பமா, பழைய வழிக்கே திரும்ப விருப்பமா, இரண்டு கட்டங்களில் ஒன்றில் குறியிட்டு மாதக் கடைசிக்குள் தர வேண்டும். தராவிட்டால் தொடர விருப்பம் என்றே எடுத்துக்கொள்ளப்படும்.

கடைசி வரியை அவள் மூன்று தடவை படித்தாள். பிறகு தாளை நான்காக மடித்தாள். மூலைக்கு மூலை, விளிம்புக்கு விளிம்பு, கத்தி வைத்தது மாதிரி மடித்தாள். அலமாரியில் அடுக்கியிருந்த போர்வைகளுக்கு அடியில் அதைச் சொருகினாள்.

செய்தது தப்பு என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் ஏற்றத்தில் எழும்பாத அந்தக் கால் ராத்திரி கண்ணை மூடினால் முன்னால் வந்து நின்றது. தப்புப் பண்ணினாலும் பரவாயில்லை, ஆள் முழுசாக இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டாள். மாதக் கடைசி நகர்ந்து நகர்ந்து பக்கத்தில் வந்துகொண்டிருந்தது.

அவளுடைய வேலை பெரிய ஹோட்டல் ஒன்றின் துணி அறையில். தரைத்தளத்துக்கும் கீழே ஓர் அறை. ஜன்னல் கிடையாது. உலர்த்தும் இயந்திரத்திலிருந்து சூடாக வெளியே வரும் படுக்கை விரிப்புகளை மடித்து அடுக்க வேண்டும். ஒரு விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். எதிர்முனையைப் பிடிப்பவளை எல்லோரும் நெட்டை என்றுதான் கூப்பிடுவார்கள். ஒன்பது வருடமாக அதே நெட்டைதான். இரண்டு பேரும் விரிப்பின் மூலைகளைப் பிடித்து உதறி, இழுத்து, ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து, கைக்குக் கை மாற்றி, மறுபடி பின்னால் போவார்கள். வாய் அதுபாட்டுக்குப் பேசிக்கொண்டிருக்கும். கிட்டே வரும்போது ரகசியம், தள்ளிப் போகும்போது ஊர்க்கதை. அந்த அறையில் சிரிப்புச் சத்தம் அதிகம் என்று மேலே புகார்கூடப் போயிருக்கிறது.

அந்த வாரம் நெட்டை நான்கு நாள் விடுப்பு. அவளுக்குப் பதிலாக வந்த பெண் நல்ல வேலைக்காரி. வேகமாகவும் மடித்தாள், சுத்தமாகவும் மடித்தாள். தப்பு ஒன்றும் சொல்ல முடியாது. ஆனால் பதினோரு மணி ஆகவே மாட்டேன் என்றது. பதினோரு மணி ஆனபிறகு பன்னிரண்டும் ஆகவில்லை. அதே அறை, அதே சூடு, அதே விரிப்புதான். ஒன்பது வருடத்தில் முதல் தடவையாக டிரைவரம்மா அந்த அறைக்கு ஜன்னல் இல்லை என்பதைக் கவனித்தாள்.

ஐந்தாம் நாள் நெட்டை வந்ததும் வராததுமாகச் சொன்னாள்: "என்னடி முகம் இப்படி வத்திப்போச்சு? புருஷனோட சண்டையா?"

"சண்டை போட்டாத்தான் பரவாயில்லயே. பேசறதே இல்லடி மனுஷன்."

"ஆம்பளைங்க பேசலன்னா நிம்மதின்னு நெனச்சுக்கோ."

"நாலு நாளு நீ இல்லாம எனக்கே மூச்சு முட்டுச்சு" என்று சொல்லிக்கொண்டே டிரைவரம்மா எதிரில் நடந்து வந்தாள். பாதி மடித்த விரிப்பைக் கொடுக்காமல் அப்படியே நின்றுவிட்டாள்.

"கொடுடி. என்ன யோசனை?"

"அவருக்கு ஆறு மாசம்டி" என்றாள். நெட்டைக்கு ஒன்றும் புரியவில்லை. விரிப்பைப் பிடுங்கிக்கொண்டு போனாள்.

*

மறுநாள் டிரைவரம்மா அரை நாள் விடுப்புப் போட்டாள். பழைய வழியின் பஸ்ஸில் ஏறினாள். இத்தனை வருடத்தில் அவள் அந்த பஸ்ஸில் ஏறியதே இல்லை. புருஷன் ஓட்டும் வண்டியில் போனால் கண்ணை மூடிக்கொண்டுதான் போக வேண்டியிருக்கும் என்று பயம்.

கண்டக்டருக்கு அவளைப் பார்த்ததும் கை கால் ஓடவில்லை. "அண்ணி! நீங்களா? உக்காருங்க, உக்காருங்க. அண்ணன் எப்படி இருக்காரு? கால் எப்படி இருக்கு?"

"கால் நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

முன்சீட்டில், ஜன்னலோரத்தில், கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"என்ன சார், காலைல போனவரு மறுபடியும் ரெண்டாவது நடையா?" என்று கண்டக்டர் அவரைக் கேட்டார்.

"வீட்ல இருந்து என்ன பண்றது?" என்றார் கணக்கு வாத்தியார். பிறகு அவள் பக்கம் திரும்பி, "இந்தப் புது டிரைவர் நல்லாத்தாம்மா ஓட்டறான். திருப்பத்துல சரியா திருப்பறான், பிரேக்கு பூ மாதிரி போடறான். குறை சொல்ல ஒண்ணுமில்ல" என்று சொல்லிப் பெருமூச்சு விட்டார். "முன்னாடி ஒருத்தர் இருந்தாரு. அவருக்கு நான் நூத்துக்கு அறுபதுக்கு மேல போட்டதே கெடயாது. எதித்து எதித்துப் பேசுவாரு. ஒருநாளு வண்டிய நிறுத்திட்டுக் கீழ எறங்கிப்போய், டயருக்கும் கோட்டுக்கும் எடைவெளி எவ்வளவுன்னு ஜாணால அளந்து காட்டினாரு. அன்னிக்கு அறுபத்தஞ்சு போட்டேன்."

டிரைவரம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கண்ணும் கரித்தது. அந்த ஜாண் கதை அவளுக்குத் தெரியும். வீட்டில் சொன்னபோது டிரைவர் எழுபது வாங்கியதாகச் சொல்லியிருந்தார்.

வெயில் நேர் உச்சியைத் தாண்டியிருந்தது. பெரிய ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் பஸ் நின்றபோது மணி இரண்டு. இறங்குகிறவர்கள் இறங்கினார்கள், ஏறுகிறவர்கள் ஏறினார்கள். கண்டக்டர் கயிற்றில் கை வைத்தபடி கேட் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். புது டிரைவர் கடிகாரத்தைப் பார்த்தான். கண்டக்டர் இரண்டு மணி அடித்தார். பஸ் நகர்ந்தது. அப்போதுதான் கேட்டிலிருந்து நீலச் சேலை கட்டிய ஒருத்தி வெளியே வந்தாள். வெளியே வந்தவள் ஓட ஆரம்பித்தாள். வலது கையில் செருப்பு.

"நிறுத்துங்க!" என்று டிரைவரம்மா எழுந்தேவிட்டாள்.

"முடியாது அண்ணி" என்றார் கண்டக்டர், தாழ்ந்த குரலில். "இங்க அரை நிமிஷம்தான். இப்பல்லாம் எந்த வண்டி எங்க நிக்குதுன்னு ஆபீஸ்லயே தெரிஞ்சுடும். பாவம், இந்தப் பையன் வேலைக்கு வந்து ஆறு மாசம்தான் ஆகுது. அவன் மேல தப்பில்ல. அண்ணன் இருந்தப்ப நான் மணியே அடிக்க வேணாம். கண்ணாடியிலயே பாத்துட்டிருப்பாரு. அவ கேட்டத் தாண்டறதுக்குள்ள இவரு காலு பிரேக்குக்குப் போயிருக்கும்."

பின்கண்ணாடி வழியாக டிரைவரம்மா பார்த்தாள். ஓட்டக்காரி ஓடுவதை நிறுத்தியிருந்தாள். பஸ்ஸைப் பார்த்து ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. செருப்பைக் கீழே போட்டு, காலை நுழைத்துக்கொண்டு, நிழலைத் தேடி மெதுவாக நடந்தாள்.

*

அன்றைக்கு ஐந்தே முக்காலுக்கு டிரைவர் வந்தார். முகம் கழுவினார். ஏழரைக்குச் சாப்பிட உட்கார்ந்தார். மகள் கூடத்தின் மறு ஓரத்தில் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டிருந்தாள். டிரைவரம்மா சோற்றைப் போட்டு, அவித்த முட்டையை இரண்டாக நறுக்கி வைத்துவிட்டு, கை துடைத்துக்கொண்டே ஆரம்பித்தாள்.

"இன்னிக்கு நம்ம கணக்கு வாத்தியார் என்ன சொன்னாரு தெரியுமா?"

டிரைவரின் கை வாய்க்குப் போகிற வழியில் நின்றது. "யாரு?"

"கணக்கு வாத்தியாருங்க. அறுபத்தஞ்சு போட்டாராம். நீங்க எழுபதுன்னு என்கிட்ட அளந்துவிட்டிருக்கீங்க."

"நீ எங்க பாத்த அவர? சட்ட என்ன சட்ட போட்டிருந்தாரு? அவருக்கு இருமல் இருந்துச்சே, நின்னுடுச்சா? அறுபத்தஞ்சா! நல்லா விசாரிச்சியா? எழுபதும்மா. அறுபத்தஞ்சு அதுக்கு முந்தின வாரம் போட்டது, லாரிக்காரனுக்கு வழி விட்டதுக்கு!"

ஆறு மாதத்தில் அவர் மூச்சு விடாமல் பேசியது அப்போதுதான். மகள் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினாள். டிரைவரம்மா ஒவ்வொன்றாகச் சொன்னாள். பாலத்துக்குக் கீழே புதுசாகப் பெயிண்ட் அடித்திருப்பதை, கண்டக்டருக்குக் காதோரம் நரைத்திருப்பதை, எல்லாவற்றையும் சொன்னாள். அவர் இடையிடையே மறித்து மறித்துக் கேட்டார், திருத்தினார், சிரித்தார். பேச்சுவாக்கில் விரல் தட்டின் விளிம்பில் இரண்டு தட்டு தட்டியது. அவள் இன்னும் ஒரு கரண்டி சோறு போட்டாள். அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு போட்டதில் கொஞ்சம் வெளியே சிந்தியது.

"ஓட்டக்காரி? பாத்தியா?"

"பாத்தேன். நீலச் சேலை. வலது கைல செருப்பு."

"அப்ப வலது கால் வாருதான் பிஞ்சிருக்கும். ஏறி உக்காந்ததும் திட்டினாளா?"

அவள் சிந்திய சோற்றைப் பொறுக்கி எடுத்தாள்.

"ஏறினாளா?"

"இல்லங்க."

டிரைவர் தட்டைப் பார்த்தார். முட்டைத் துண்டை ஓரமாக நகர்த்திவிட்டுச் சொன்னார்: "மூணு நிமிஷம் போட்டிருந்தேன். புது அட்டவணைய என்னைத்தான் எழுதச் சொன்னாங்க. அந்த நிறுத்தத்துக்கு மூணு நிமிஷம்னு எழுதினேன். இது எதுக்குன்னு மேனேஜர் கேட்டாரு. ஒரு அம்மா ஓடி வருவாங்க சார்னேன். அவருக்குச் சிரிப்பு தாங்கல. ரூம்ல இருந்தவங்க எல்லாரும் சிரிச்சாங்க. சிவப்பு மையில அடிச்சுட்டு அரை நிமிஷம்னு போட்டுட்டாரு." பிறகு அவரும் சிரித்தார். "அட்டவணைல ஆளுங்கள எழுத முடியாது இல்ல."

டிரைவரம்மா எழுந்து உள்ளறைக்குப் போனாள். அலமாரியைத் திறந்து போர்வைகளுக்கு அடியில் கையை விட்டாள். விரல் பட்டதுமே தெரிந்துவிட்டது. இது அவள் மடித்த மடிப்பு இல்லை. நான்காக இருந்த தாள் மூன்றாக இருந்தது. சட்டைப் பைக்குள் போகிற மாதிரி, நீளவாக்கில், ஓரங்கள் சேராமல் மடித்திருந்தது. இத்தனை வருடமாகப் டிப்போவில் கொடுக்கிற நடைச் சீட்டை அப்படி மடித்துப் பையில் வைக்கிற கை இந்த வீட்டில் ஒன்றுதான் இருக்கிறது.

விளக்கடியில் பிரித்துப் பார்த்தாள். பழைய வழிக்குத் திரும்ப விருப்பம் என்ற கட்டத்தில் பென்சிலால் ஒரு குறி போட்டு, பிறகு அழித்திருந்தது. அழுத்தி அழித்திருக்க வேண்டும். அந்த இடத்தில் தாள் மெலிந்து போயிருந்தது.

அவள் தாளை எடுத்துக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள். "எப்பங்க பாத்தீங்க?"

"துண்டு தேடினப்ப. பத்து நாளு இருக்கும்."

"ஏன் என்னக் கேக்கல? ஏண்டி ஒளிச்சேன்னு ஒரு அறை விட்டிருக்கலாமே."

"என்னிக்கு நான் உன்ன அறைஞ்சிருக்கேன், இன்னிக்கு அறையறதுக்கு?" டிரைவர் சோற்றை அளைந்தார். "நான் வர்றப்பவும் நீ முழிச்சிருப்ப. விடியக்காலைல போறப்பவும் முழிச்சிருப்ப. இருபத்திரண்டு வருஷத்துல நீ தூங்கி நான் பாத்ததே இல்லம்மா. இந்த ஆறு மாசமாத்தான் பாக்கறேன். வாயத் தொறந்துட்டுத் தூங்கற. கொறட்டை வேற."

"நான் ஒண்ணும் கொறட்டை விடல."

"விடறம்மா" என்றாள் மகள், புத்தகத்துக்குள்ளிருந்து.

"அதக் கெடுக்க மனசு வரல" என்றார் டிரைவர். "அந்தக் கண்ணாடி ரூம்ல ஒரு நாளு முழுக்க உக்காந்துட்டு வந்தா, வீட்ல பாக்கறதுக்கு அது ஒண்ணு இருக்கேன்னு நெனச்சேன்."

குழாயில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. டிரைவரம்மாவுக்கு அழுகை வந்தது. பயமும் கூடவே வந்தது. அந்த ஏற்றமும், எழும்பாத காலும், இனிமேல் ஒவ்வொரு ராத்திரியும் தெருமுனையில் காது வைத்துக் கிடக்கப்போவதும், எல்லாம் வரிசையாக வந்து நின்றன. அவள் தாளை மடிப்பு நீவி அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். மகள் எழுந்து வந்து, தன் பேனாவை அதன்மேல் வைத்துவிட்டுப் போனாள்.

டிரைவர் பேனாவைத் தொடவில்லை. மனைவியின் முகத்தையே பார்த்தார்.

அவள் கரண்டியை எடுத்தாள். பானை மூடியின்மேல் ஒரு தட்டு தட்டினாள். கை அப்படியே நின்றது. டிரைவர் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். பிறகு அவள் இன்னொரு தட்டு தட்டினாள்.

அவர் இடது கையால் பேனாவின் மூடியைக் கழற்றினார். கழற்றியவர் உடனே எழுதவில்லை. பழக்க தோஷம், தலை தானாகத் திரும்பியது. பஸ்ஸில் கண்ணாடி இருக்கிற பக்கம் அது.

"யாராச்சும் ஓடி வர்றாங்களான்னு பாத்துக்கோ" என்றார்.

"யாரும் வரல" என்றாள் டிரைவரம்மா. "நீங்க கெளம்புங்க."